சலகெருதும் மரத்து மேல் பெரியப்பாவும்

முதலில் எனக்குத் தெரிந்தது கால்கள்தான். நீர்மருது மரத்தின் இலைகளுக்கு நடுவே இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது. இன்னொன்றின் செருப்பு கீழே ஆற்று மணலில் குப்புறக் கிடந்தது.

அந்தக் கால்களை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவற்றைக் கழுவச் சொம்பில் தண்ணீர் எடுத்துவைப்பது என் வேலை. என் பெரியப்பாவின் கால்கள் அவை.

நான் இடுப்புவரை நனைந்து, முக்காடு நழுவி, மூச்சு வாங்க நின்றிருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மயிலைக் காளை. கழுத்திலும் பின்னங்காலிலும் கயிறு போட்டு அதை மரத்து வேரோடு கட்டியிருந்தார்கள். மரத்தின் மேல் பரண். பரணில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரத் துரை. இரண்டு பேரும் புலிக்காகக் காத்திருந்தார்கள். வந்தது நான்.

"ஏனுங்க பெரியப்பா," என்று கேட்டேன். "மரத்து மேல என்னங்க பண்றீங்க?"

அவர் என்ன பதில் சொன்னார் என்பதற்கு முன்னால், நான் எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்லவேண்டும். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர், 'குடும்பத்துப் பெரியவர்களைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா அம்மா?' என்று கேட்டிருக்கிறார். தாராளமாக எழுதலாம். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடவே எழுதப்போகிறேன்.

ஜன்னலில் இருந்த மலை

நான் பிறந்தது கிணத்துக்கடவு. வாழ்க்கைப்பட்டது துடியலூர். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் அவர் விஷ ஜுரத்தில் போய்ச் சேர்ந்தார். என் அப்பா அதற்கு முன்பே இல்லை. வெள்ளைச் சேலை கட்டிய சின்ன வயசுப் பெண்ணை எங்கே வைப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஆனைமலை அடிவாரத்தில் இருந்த பெரியப்பாவின் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா வீட்டில் எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் விசேஷம் என்றால் நான் உள்ளறைக்குப் போய்விட வேண்டும். ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்தால் வாசலுக்கு வரக்கூடாது. யாராவது பயணம் கிளம்பினால் எதிரே நடக்கக்கூடாது. இதெல்லாம் எனக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. பெரியம்மாவின் கண்ணைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது சமையற்கட்டின் ஜன்னல். திறந்தால் மலை. காலையில் நீலமாக இருக்கும், மத்தியானம் பச்சையாகும், சாயங்காலம் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிடும். காற்று மலைப்பக்கமிருந்து அடித்தால் மூங்கில் உரசுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருக்கும். யானை பிளிறுவதைப் பல நாள் கேட்டிருக்கிறேன். அத்தனை பக்கத்தில் இருந்தும் நான் அங்கே ஒருநாள்கூடப் போனதில்லை. பெண்டு பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்பார்கள்.

வேலை இருந்தாலும் போகமுடியாது. அது ரிசர்வ். சர்க்கார் பாஷையில் காப்புக்காடு. சுள்ளி பொறுக்கப் போன கிழவியைக்கூடப் பிடித்து அபராதம் போடுவார்கள். நெல்லிக்காய் பொறுக்கினால் கூடையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதே காட்டில் துரைமார் துப்பாக்கியோடு போய்ப் புலியையும் காட்டெருமையையும் சுட்டு, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். காடு எதற்காகக் காப்பாற்றப்படுகிறது என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

இப்போது பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய், ஆழியாறு அணையைப் பார்த்து, முறுக்குத் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். நான் சொல்லும் காலத்தில் அங்கே அணையில்லை. ஆறு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

யாருக்கும் சொந்தமில்லாத மாடு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை பிறக்கிற அன்று காளைக்கன்று பிறந்தால் அது மால் கோயிலுக்கு உரியது. அதன் பேர் சலகெருது. அன்றிலிருந்து தாய்ப்பசுவின் பால் முழுக்கக் கன்றுக்குத்தான், வீட்டுக்காரர்கள் ஒரு சொட்டுக் கறக்கமாட்டார்கள். வளர்ந்த பிறகு அதற்கு மூக்கணாங்கயிறு கிடையாது. ஏர் கிடையாது, வண்டி கிடையாது. யார் வெள்ளாமையில் புகுந்து மேய்ந்தாலும் விரட்டமாட்டார்கள். எங்கள் ஊரில் அதன் மேல் குச்சி படக்கூடாது. அது நடுத்தெருவில் படுத்துக்கொண்டால் வண்டிகள் சுற்றிக்கொண்டுதான் போகும்.

மார்கழி மாதம் பூராவும் உருமி கொட்டி அதற்கு ஆடப் பழக்குவார்கள். உருமிச் சத்தத்துக்கு அது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், துள்ளும். பொங்கலன்று கோயில் வாசலில் ஊரே கூடி நின்று பார்க்கும்.

எங்கள் ஊர் சலகெருதைக் கவனித்துக்கொண்டது ரங்கம்மா. நான் ரங்கக்கா என்று கூப்பிடுவேன். கம்பளத்து நாயக்கர் வீட்டுப் பெண். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ். நாற்பது வயசிருக்கும். புருஷன்தான் உருமி அடிக்கிறவர். தினமும் விடிந்ததும் ஒரு மொடாவில் கம்மங்கூழ் கரைத்துக்கொண்டு போய்க் காளைக்கு வைப்பாள். அதோடு பேசுவாள், திட்டுவாள், தன் வீட்டுச் சண்டையெல்லாம் சொல்லி அழுவாள். எனக்கும் அந்தக் காளையைப் பிடிக்கும். ஊரில் என் எதிரே வந்தும் ஒதுங்கிப் போகாத ஜீவன் அது ஒன்றுதான்.

அந்த மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, ரங்கக்கா மொடாவோடு எங்கள் பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மணி, சாமியக் காணமுங்க. கோயில் பக்கம் இல்ல, கம்மாக்கரையிலயும் இல்ல. வண்டித்தடம் மட்டும் கெடக்குதுங்க."

நான் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா அரிசி புடைப்பதை நிறுத்தியிருந்தார். அந்தக் கண்ணைப் படிக்க எனக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அழுதுகொண்டே சொல்லிவிட்டார்.

பெரியப்பாவுக்கு மலையில் மூங்கில் வெட்டுகிற கூப்பு குத்தகைக்கு வேண்டும். அதைக் கொடுக்கிற துரைக்குப் புலி வேண்டும். புலிக்குக் கட்ட ஒரு மாடு வேண்டும். பொங்கல் நெருங்குகிற நேரத்தில், சாகக் கொடுப்பதற்கென்று எந்தக் குடியானவனும் மாடு தரமாட்டான். தன் கட்டுத்தரையிலிருந்து ஒன்றை அவிழ்க்கப் பெரியப்பாவுக்கு மனசு வரவில்லை.

"சாமி மாட்டுக்கு எவன் சொந்தக்காரன்னு கேட்டாரு கண்ணு," என்றார் பெரியம்மா. "போனா யாரு ஊட்டுக்கு நட்டம், காட்டுப்பக்கம் மேயப்போச்சு, புலி அடிச்சுப்போட்டுதுன்னு சொல்லிக்கலாம்னாரு. நீ வெளியில சொல்லிப்போடாத."

யாருக்கும் சொந்தமில்லாததை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இதுதான் பெரியப்பாவின் கணக்கு. எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. அது மாட்டுக்காக மட்டும் வந்த கோபம் இல்லை. அந்த வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது மாடு மட்டுமா?

வெளியே வந்து ரங்கக்காவிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஆண்பிள்ளைகள்

ரங்கக்கா ஓடிப்போய்த் தன் புருஷனிடம் சொன்னாள். அவர் உருமியை மடியில் வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் முக்கால்வாசிப் பேர் பெரியப்பாவின் பூமியில் பாடுபடுகிறவர்கள். மீதிப் பேருக்குத் தண்ணீர் பெரியப்பாவின் கிணற்றிலிருந்து வரவேண்டும். கோயில் முன்னால் கூடினார்கள், பேசினார்கள், எச்சில் துப்பினார்கள், வெயில் ஏறியதும் கலைந்தார்கள்.

"பெரிய தோட்டத்துக்காரரு செஞ்சா நாம என்னத்தப் பண்றது? சாமி அதும் பாட்ட அதே பாத்துக்கும்," என்றார் ஒருவர்.

ரங்கக்கா என்னிடம் திரும்பி வந்தாள். "நான் போறனுங்க அம்மணி. நடந்தே போறன். புலிக்கு முன்னால போயிருவன்."

"இருங்க ரங்கக்கா. நானும் வாரேன்," என்றேன்.

தோட்டத்துச் சின்ன வண்டியில் நானே மாட்டைப் பூட்டினேன். கிணத்துக்கடவில் அப்பா இருந்தபோது தேங்காய் வண்டி ஓட்டிப் பழகிய கை. பெரியம்மா வாசலில் நின்று, "உன்ன அவரு ஊட்ல சேத்தமாட்டாரு கண்ணு, போவாத," என்று கெஞ்சினார். எனக்கும் அது தெரியும். எனக்கிருந்தது அந்த ஒரு கூரைதான். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கயிற்றைச் சுண்டிவிட்டேன்.

கார்டு கூழ் குடிக்கப் போனார்

காட்டு முகப்பில் குறுக்குக் கட்டை போட்டிருந்தது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு ஃபாரஸ்ட் கார்டு காக்கி நிஜாரோடு ஓடிவந்தார். எங்கள் பக்கத்து ஆள்தான்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க? இது ரிசர்வுங்க. தொரை வேற வேட்டைக்கு வந்திருக்காருங்க. பர்மிட் இல்லாம உள்ள உடமுடியாதுங்க."

"காலையில ஒரு மாடு போச்சுங்களே, அதுகிட்ட பர்மிட் இருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"எந்த மாடுங்க?"

"வண்டியில ஏத்திக் கொண்டு போனாங்களே, அதுதானுங்க. மூக்குல கயிறு இல்லாத மாடு. நீங்க பாக்கலீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. மூக்கணாங்கயிறு இல்லாத காளை என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும். ரங்கக்கா கூழ் மொடாவை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னத்துல போட்டுக்கிட்டனுங்க," என்றார் மெதுவாக. "வேற என்னங்க பண்ணமுடியும் என்னால?"

மண்ணைக் காலால் கீறினார். பிறகு சத்தமாக, "நான் கூழு குடிக்கப் போறனுங்க. நான் இல்லாதப்ப யாரு போனாங்க, யாரு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். போகிற போக்கில், "வண்டி இங்கயே நிக்கட்டும். ஆத்துச் சத்தத்தப் பாத்து நடந்தா பெரிய மருத மரம் வருமுங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பூட்டி வைத்த காடு

இத்தனை நாள் ஜன்னல் வழியாகப் பார்த்த மலைக்குள் அப்படித்தான் நுழைந்தேன். திருட்டுத்தனமாக, செருப்பில்லாமல், ஒரு மொடாக் கூழோடு.

தேக்குச் சருகு காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒவ்வொரு அடிக்கும் காடு முழுக்க எங்களைப் பார்க்கிற மாதிரி தோன்றியது. மேலே ஒரு மலையணில், பூனையளவு இருந்தது, செம்மண் நிற வாலைத் தொங்கவிட்டு எங்களைத் திட்டிக்கொண்டே கிளைக்குக் கிளை கூட வந்தது. மூங்கில் புதர்களுக்கு நடுவே யானைச் சாணம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பச்சை மூங்கில் வாசனையும் ஈரமண் வாசனையும் எதுவோ புளித்த வாசனையும் கலந்து வந்தன. ஓர் இருவாச்சி தலைக்கு மேல் பறந்தபோது, அதன் இறக்கை அடிக்கிற சத்தத்தைக் கேட்டு ரங்கக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவும் இங்கே இருந்திருக்கிறது. நான் அடுப்புப் புகையில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் இந்த அணில் இங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு இதை யாரும் காட்டவில்லை, காட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மாட்டை மீட்க வந்தவள் ஒரு நிமிஷம் மாட்டையே மறந்து, அண்ணாந்து நின்றுவிட்டேன்.

ஆறு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்துவிட்டது. வழுவழுப்பான பெரிய பெரிய பாறைகள், நடுவே தெளிந்த தண்ணீர். நீர்நாய்கள் மீனைத் துரத்திக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் பெரிய மருதமரம். அதன் அடியில் எங்கள் காளை நின்றிருந்தது.

ரங்கக்கா கத்தப் போனாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். எங்களுக்கும் மரத்துக்கும் நடுவே, ஆற்றுக்குள், யானைக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பாறைக்குப் பின்னால் குந்தினோம். எத்தனை யானை என்று நான் எண்ணவில்லை. குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்கடியில் நின்று தண்ணீரை உறிஞ்சத் தெரியாமல் துதிக்கையை உதறிக்கொண்டிருந்தது. பெரியதுகள் சாவகாசமாகக் குடித்தன, படுத்தன, ஒன்றின் மேல் ஒன்று தண்ணீர் வாரி ஊற்றிக்கொண்டன. வெயில் மரத்தின் பாதிக்கு இறங்கியது. பொழுது சாய்ந்தால் புலி வரும். ரங்கக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது பிரார்த்தனையா வசவா என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் நான் பார்த்த அத்தனை அழகிலும் அதுதான் பெரிது. இருந்தும் அது சீக்கிரம் முடியவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி யானையின் பின்புறம் மூங்கிலுக்குள் மறைந்ததும் ஆற்றில் இறங்கிவிட்டோம். பாதியில் ரங்கக்காவின் மொடா தவறிப் போய்ப் பாறையில் உடைந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அக்கரை ஏறினோம். ஏறி நிமிர்ந்தபோது எனக்குத் தெரிந்ததுதான் அந்தக் கால்கள்.

மரத்தடிப் பஞ்சாயத்து

"வேலாத்தா!" என்று பெரியப்பா பரணிலிருந்து சீறினார். அதுதான் என் கேள்விக்கு அவர் சொன்ன பதில். "சத்தம் போடாத. மொதல்ல இங்கிருந்து போ. புலி பக்கத்துலதான் இருக்குது."

"புலி பக்கத்துல இருக்குது, நீங்க மேல இருக்கறீங்க, சாமி கீழ இருக்குது. இதென்னங்க நாயம்?"

துரை குனிந்து பார்த்தார். சிவந்த முகம், நரைத்த மீசை. அவர் தமிழ் படித்துப் பரீட்சை எழுதியவர். புஸ்தகத்தில் இருப்பது போலவே பேசினார்.

"யார் இந்த ஸ்திரீகள்? இது காப்புக்காடு. அனுமதி இன்றிப் பிரவேசிப்பது குற்றம். நீங்கள் உடனே அப்பால் செல்லுங்கள்."

நான் காளையின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். ரங்கக்காவும் உட்கார்ந்தாள்.

"குத்தம்னா புடிச்சு அடையுங்க தொரை," என்றேன். "எங்க ரண்டு பேரையும் மாட்டையும் சேத்து ஒரே எடத்துல அடையுங்க. இல்லாட்டி நாங்க இங்கயேதான் இருப்போம். புலி வந்தா பாத்துச் சுடுங்க. எங்க மேல பட்டுறப் போவுது."

துரை பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். "இந்த எருது யாருடையது?"

"யாருதும் இல்லீங்க, தொரை."

"உம்முடைய சொந்த எருது என்று நீர் சொன்னீர்."

பெரியப்பா ஓர் இலையை ஒதுக்கி ஆற்றைப் பார்த்தார். ரங்கக்காதான் பேசினாள். "ஊருதுங்க தொரை. மால் கோயில் மாடுங்க. நாங் கூழு ஊத்தி வளத்தனுங்க. பொங்கலுக்கு இன்னும் நாலு நாளு கூட இல்லீங்க. எங்கூட்டுக்காரரு உருமி அடிச்சா இது ஆடுமுங்க."

துரை அவளை ஒருமுறை பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஏணியில் இறங்கினார். இதைப் படித்துவிட்டு அவரை நல்லவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் சத்தத்தில் அவருடைய வேட்டை கெட்டது, அவ்வளவுதான். சில நாள் கழித்து வேறொரு பள்ளத்தில் எருமைக்கன்றைக் கட்டிப் பரண் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தான் தங்கியிருந்த பங்களாப் பக்கம் நடந்தார்.

பெரியப்பா ஒற்றைச் செருப்போடு இறங்கி, மற்றதைத் தேடி மாட்டிக்கொண்டு, அவர் பின்னால் ஓடினார். ஓடுகிற அவசரத்திலும் நின்று சொன்னார். "இன்னையோட எங்கூட்ல உனக்குச் சோறு இல்ல. கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டனுங்க," என்றேன்.

துப்பாக்கி வைத்திருந்தவரும் அவர் பின்னால் ஓடிய பெரியப்பாவும் போய்விட்டார்கள். தன் தம்பி மகளைப் புலி நடமாடும் இடத்தில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பது பெரியப்பாவுக்கு உறைக்கவில்லை. உறைத்தும் போயிருந்தால் இன்னும் மோசம்.

குச்சி

கழுத்துக் கயிற்றை நான் அவிழ்த்தேன். கால் கயிற்றை ரங்கக்கா அவிழ்த்தாள். காளை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. ஆற்றோரம் போய்த் தண்ணீர் குடித்தது. பிறகு, ஊர்ப்பக்கம் திரும்பாமல், நேர் எதிரே மூங்கில் காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

சலகெருதுக்கு எதிரே நின்று மறிக்கக்கூடாது. அது போகிற பக்கம் போகவிட வேண்டும். பிறந்ததிலிருந்து அதற்கு அப்படித்தான் பழக்கம், எங்களுக்கும் அப்படித்தான் பழக்கம்.

"ரங்கக்கா, திருப்புங்க!"

ரங்கக்கா கை கூப்பிக்கொண்டு நின்றாள். "சாமி போற பக்கந்தானுங்க போவோணும். நாம என்னத்தத் திருப்பறது?"

மூங்கிலுக்குள் ஒரு மந்தி இருமுவது போலக் கத்தியது. இன்னொன்று கத்தியது. பிறகு கடமான் ஒன்று, ஒரே ஒரு தரம், தகரத்தில் அடித்த மாதிரி சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. என் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. காளையும் நின்றது, காதை விறைத்தது. ஆனாலும் திரும்பவில்லை. எதற்கும் பயப்பட அதற்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

நான் காலடியில் கிடந்த மூங்கில் குச்சியை எடுத்தேன். ஓடிப்போய் எதிரே நின்று, அதன் முகத்துக்கு நேரே ஓங்கி, கழுத்தில் ஒரு அடி வைத்தேன்.

அது என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கமுடியவில்லை. அடி என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. இன்னொரு அடி வைத்தேன். மூன்றாவது அடிக்குத்தான் திரும்பியது. வாலைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது.

"அய்யோ, சாமிய அடிச்சுப்போட்டீங்களே!" என்று ரங்கக்கா அலறினாள். அலறிக்கொண்டே என்னோடு ஓடிவந்தாள்.

அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். மூங்கில் விலகியது. புலி வெளியே வந்தது. படத்தில் போடுவது போல உறுமவில்லை, பாயவில்லை. காளை நின்றிருந்த மணலை முகர்ந்து பார்த்தது. அவிழ்ந்து கிடந்த கயிற்றை முகர்ந்தது. பிறகு முன்னங்காலை மடித்து, ஆற்றில் வாய் வைத்து, எங்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தண்ணீர் குடித்தது. சாயங்கால வெயிலில் அதன் முதுகு பொன்னாக இருந்தது. குடித்து முடித்துத் தன் பாட்டுக்குத் திரும்பி நடந்தது.

பரணில் யாரும் இல்லை. துரை அத்தனை நாள் காத்திருந்த புலி வந்துபோன சேதியை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

கோயில் வாசலில்

அன்று ரங்கக்கா வீட்டில் படுத்தேன். ஆனால் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சோறு போட்டாள், பாய் விரித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சாமியை அடித்ததை அவளால் தாங்கமுடியவில்லை.

ஊருக்கும் அப்படித்தான். சலகெருதைப் புலிக்குக் கட்டியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சலகெருதை அடித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று எல்லோரும் பேசினார்கள். அதிலும் தாலியறுத்தவள் கை. பொங்கலுக்கு முதல் நாள் மால் கோயில் வாசலில் ஊர் கூடியது. என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திண்டு போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தவர் என் பெரியப்பா. ஊர்ப் பெரியதனம் அவருடையது. காளை ஒரு பக்கம் மஞ்சள் பூசி நின்றிருந்தது. அதன் கழுத்தில் நான் அடித்த தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது.

"அடிச்சியா?" என்று பூசாரி கேட்டார்.

"அடிச்சனுங்க."

ரங்கக்காவைக் கேட்டார்கள். "அடிச்சாங்க. எங்கண்ணால பாத்தன்," என்றாள். நான் தலை குனியப் போனேன். அவள் அதோடு நிறுத்தவில்லை. "அதே கண்ணால புலியையும் பாத்தனுங்க. அடிக்காட்டி இன்னைக்கு மஞ்சப் பூச இங்க மாடு இருந்திருக்காது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெரியப்பா கையை உயர்த்தி அடக்கினார். அவருடைய குரல் மிகவும் சாந்தமாக இருந்தது.

"என்னமோ ஆயிப்போச்சு. தெரியாத்தனமா செஞ்சுபோட்டா. ஊருக்கு முன்னால, சாமிக்கு முன்னால விழுந்து கும்பிட்டு, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லீரட்டும். சொல்லிப்போட்டா ஊட்டுக்கே வந்தரலாம். எந் தம்பி மக, நான் உட்ருவனா?"

கூரையைக் காட்டிக் கூப்பிட்டார். விழுந்தால் வீடு, சோறு, அந்த ஜன்னல். விழாவிட்டால் தெரு. எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். எனக்கு இடம் விட்டு விலகினார்கள். காளைக்கும் எனக்கும் நடுவே மண் தரை சுத்தமாக இருந்தது.

காளைக்கு முன்னால் விழ எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அதனிடம் தனியாகப் போய் ஏற்கெனவே அழுதிருந்தேன். அதை இவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

"விழறனுங்க பெரியப்பா," என்றேன். "சாமியக் கட்டினவங்க மொதல்ல விழுகட்டும். அடிச்சவ அதுக்கப்பறம் விழறேன்."

உருமிக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். பூசாரி பெரியப்பாவைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பூஜைத் தட்டைப் பார்த்தார். காட்டு முகப்பில் சுவரைப் பார்த்துப் பேசிய அந்தக் கார்டு கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். அவர் மட்டும் பெரியப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் பார்த்தார்கள்.

பெரியப்பா திண்டிலிருந்து அசையவில்லை. நானும் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு துணி மூட்டையோடு, கூரை எதுவும் காத்திருக்கவில்லை என்றாலும், பிறந்த ஊரான கிணத்துக்கடவுக்கு நடந்தேன். பெரியப்பா அதன்பிறகு நெடுங்காலம் இருந்தார். விழவே இல்லை. நான் இன்னும் இருக்கிறேன். நானும் விழவில்லை.